உலகத்திலேயே இரண்டு தொட்டி

ஜனவரி 11

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். பயணத்தில் வீங்கிய உங்கள் கால் வற்றிவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் விட்டுவிட்டுப் போன செடி என் மேஜைக்கு எதிரே, கிழக்கு ஜன்னலில் இருக்கிறது. இன்று காலை எண்ணியதில் இலைகள் பத்தொன்பது. எல்லாம் ரோஜாப்பூ அடுக்குபோல வட்டமாக அமைந்து, மேலே வெண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கின்றன. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள், தொடவில்லை. ஒரே ஒருமுறை தொட்டேன். விரல் ஒட்டிக்கொண்டது.

பூச்சி தின்னும் செடி என்றதும் வகுப்பில் எல்லோரும் அதற்குப் பல் எங்கே என்று கேட்டார்கள். பல் கிடையாது, பசைதான். இலையே நாக்கு, இலையே வயிறு என்று விளக்கினேன். அதன் லத்தீன் பெயருக்குக் 'குட்டிக் கொழுப்பு' என்று பொருள் வரும் என்று அம்மாவிடமும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே, "நம்ம வீட்ல ஏற்கெனவே ஒரு கொழுப்பி இருந்தா. அவ கொண்டாந்து விட்டது வேற எப்படி இருக்கும்?" என்றாள். அன்றிலிருந்து செடிக்குக் கொழுப்பி என்றே பெயர்.

இரண்டு வகைகளின் மகரந்தத்தை நீங்களே தூரிகையால் சேர்த்து, மூன்று வருடம் காத்திருந்து உண்டாக்கிய செடி. உலகத்திலேயே இரண்டு தொட்டிதான். ஒன்று நீங்கள் வேலை செய்யும் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில், ஒன்று என் ஜன்னலில். இதை நினைத்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது. நீங்கள் பிடித்து வைத்த மழைநீர் ஆறு பாட்டில் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கொடுக்க மாட்டேன்.

செடி விஷயம் போனில் வேண்டாம், பேச்சு காற்றில் போய்விடும், எழுத்து தாளில் நிற்கும் என்று நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் புத்தகப் புழு


பிப்ரவரி 2

என் புத்தகப் புழுவுக்கு,

கால் வற்றிவிட்டது, என் கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு. புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே.

இங்கே வெளியே முழங்கால் வரைக்கும் பனி. கண்ணாடி வீட்டுக்குள் வெந்நீர்க் குழாய்கள் ஓடுவதால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டி கழுவுகிறேன்.

உன்னிடம் நேரில் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. புதிதாக உண்டாக்கிய செடிகளுக்கென்று ஒரு சங்கம் பதிவேடு வைத்திருக்கிறது. பூவின் படம், அளவுகள், உண்டாக்கியவர் பெயர் எல்லாம் அதில் ஏறும். போன வருடம் என் செடி பூத்தபோது பதறிப்போய் நான் எடுத்த ஒன்பது படத்திலும் என் கட்டைவிரல்தான் விழுந்திருந்தது. எங்கள் தலைமைத் தோட்டக்காரர் பார்த்துவிட்டு, "விரலைப் பதிவு செய்ய வேறு சங்கம் இருக்கிறது" என்றார். இந்த வருடம் டிசம்பர் முடிவதற்குள் பூவின் படத்தை அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பெயரில் வைத்திருக்கும் இடம் போய்விடும்.

பதினொரு வருடமாக மற்றவர்களுடைய பெயர் எழுதிய சீட்டுகளைத்தான் தொட்டிகளில் குத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு சீட்டிலாவது என் பெயர் இருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசை. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

எது முதலில் பூக்கிறதோ அதைப் படம் எடுப்போம். உன்னுடையதா, என்னுடையதா, பார்க்கலாம்.

முத்தங்களுடன்,
சித்தி


பிப்ரவரி 21

அன்புள்ள சித்திக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்குக் குளிரில் இருமல் வராமல் இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். டிசம்பர் என்று என் நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

கொழுப்பிக்கு இப்போது இருபத்துமூன்று இலை. ஒரே வாரத்தில் பதினேழு குட்டி ஈயும் ஒரு கொசுவும் பிடித்தாள். சமையலறையில் பழத்தைச் சுற்றிப் பறக்கும் ஈக்கள் குறைந்துவிட்டன என்று அம்மா அவளை இரவல் கேட்கிறாள். "பகல்ல உன் ஜன்னல்ல இருக்கட்டும், சாயங்காலம் எனக்குக் குடு. உன்னவிட அவ உபயோகமா இருக்கா" என்றாள். தரவில்லை.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மழைநீர் இரண்டு பாட்டில் மீதி இருக்கிறது. மழைக்கு இன்னும் நான்கு மாதம். ஏதாவது வழி கண்டுபிடிப்பேன், கவலைப்படாதீர்கள்.

அன்புடன்,
புத்தகப் புழு


மார்ச் 8

கண்ணுக்கு,

நான் நலம். கை கொஞ்சம் விறைத்திருக்கிறது, அதனால்தான் எழுத்து கோணல். அம்மாவின் கண்வலி எப்படி?

இங்கே எல்லாம் வழக்கம்போல.

உன் செடிக்கு இப்போது எத்தனை இலை? நடுக்குருத்து பச்சையாக இருக்கிறதா? வாரம் ஒரு வரியாவது எழுது. முடிந்தால் அதை வரைந்து அனுப்பு. நீ நன்றாக வரைவாய். இலை எத்தனை என்பதை மறக்காமல் எழுது.

சித்தி


மார்ச் 19 (அனுப்பாத கடிதம்)

அன்புள்ள சித்திக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொழுப்பி செத்துவிட்டாள். நான்தான் கொன்றேன்.

மழைநீர் தீர்ந்துபோனது. குழாய்த் தண்ணீர் கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. ஆனால் தண்ணீரைச் சுத்தப்படுத்தக் காய்ச்ச வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதனால் இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி ஊற்றினேன். கெடுதல் ஒன்றும் செய்யவில்லை என்று நம்பியே பத்து நாள் ஊற்றினேன். மண்ணின்மேல் உப்புப்போல வெள்ளையாகப் படிந்தது. இலை நுனிகள் கருகின. நேற்று நடுக்குருத்தைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

நூலகத்தில் தேடியபிறகுதான் புரிந்தது. காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். இதையும் நான் பாடத்தில் படித்திருக்கிறேன், வேறு பக்கத்தில். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அழுகாத இலைகள் ஐந்து இருந்தன. அடியோடு முழுசாகப் பிய்த்து ஈர மணலில் படுக்கவைத்தால் சில சமயம் குட்டி வரும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. வைத்திருக்கிறேன்.

உங்களிடம் இன்னொன்று இருக்கிறது என்பது மட்டும்தான் ஆறுதல். ஆனாலும் உங்களுக்கு இதை எப்படி அனுப்புவேன்?


மார்ச் 20

அன்புள்ள சித்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண்வலி சரியாகிவிட்டது. உங்கள் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இலைகளின் எண்ணிக்கை கேட்டிருந்தீர்கள். வெயிலால் குறைந்திருக்கிறது. ஐந்து. ஐந்தும் பச்சையாக இருக்கின்றன, நன்றாக ஓய்வெடுக்கின்றன. முன்பைவிட ஒவ்வொன்றுக்கும் தாராளமாக இடம் கிடைத்திருக்கிறது. படம் பிறகு அனுப்புகிறேன்.

உங்கள் தொட்டி நன்றாகப் பூக்கட்டும். அதை மிகவும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் சித்தி. மிக மிகப் பத்திரமாக.

அன்புடன்,
புத்தகப் புழு


மே 9

அன்புள்ள சித்திக்கு,

ஏப்ரல் முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சிரித்துப் பேசியதாக அம்மா சொன்னதால் தைரியமாக இருக்கிறேன்.

இங்கே நாற்பத்தொரு டிகிரி. பள்ளி விடுமுறை. தண்ணீருக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. கீழ்வீட்டில் பல் டாக்டரின் கிளினிக் இருக்கிறதல்லவா? அவருடைய ஏசி பின்பக்கப் படியில் நாள் முழுக்கச் சொட்டுகிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வரும் தண்ணீர் அது, உப்பே கிடையாது. பக்கெட் வைத்தேன். இரண்டாம் நாள் டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

"யாரும்மா இங்க பக்கெட் வெச்சது?"

"நான்தான் டாக்டர். உங்க ஏசி தண்ணி எனக்கு வேணும். ஒரு செடிக்கு."

"கார்ப்பரேஷன் தண்ணி குடிக்காதாமா உன் செடி?"

"குடிச்சா செத்துடும் டாக்டர். அது பூச்சி தின்ற செடி."

"பல் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப அது என் கேஸ் இல்ல. எடுத்துட்டுப் போ."

இப்போது அவரே வெளியே எட்டிப்பார்த்து, "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி, உனக்கு ரெண்டு பக்கெட் தேறும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு என்பதால் சனிக்கிழமையே சேமித்து வைக்கிறேன். பெரிய மண்சட்டியில் ஈரமணல் நிரப்பி, அதற்குள் செடித் தட்டை வைத்து, மேலே அம்மாவின் வெட்டுத்துணியை நனைத்துப் போர்த்துகிறேன். உள்ளே இருபத்தெட்டு டிகிரிதான்.

நீங்கள் கேட்ட படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முழுச்செடியை வரையக் காகிதம் போதாது என்பதால் ஒரே ஒரு இலையை நான்கு மடங்கு பெரிதாக வரைந்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடியே வரைந்தேன்.

அன்புடன்,
புத்தகப் புழு


ஜூன் 4

என் கண்ணே,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உன் படத்தைப் பார்த்தேன்.

எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறாய். பசைத்துளிகளைக்கூட ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறாய். இலையின் வெள்ளை அடிப்பாகத்தில் கடுகளவு இரண்டு குட்டிகளையும் விடாமல் வரைந்திருக்கிறாய். அடி பெண்ணே, செடியோடு ஒட்டியிருக்கிற இலையின் அடியில் குட்டி வராது. பிய்த்து வைத்த இலையில்தான் வரும். பொய் சொல்லத் தெரியாதவள் படம் வரைந்து அனுப்பலாமா?

தாய்ச்செடி செத்துவிட்டது, இல்லையா? அதனால்தான் இலைகள் 'ஓய்வெடுத்தன'.

இனி என் முறை. பிப்ரவரி மூன்றாம் வாரம் கண்ணாடி வீட்டின் கொதிகலன் நின்றுபோனது. சனி, ஞாயிறு இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்தபோது என் செடி உறைந்து கண்ணாடிபோல நின்றுகொண்டிருந்தது. தொட்டதும் கூழானது. ஒரு இலையும் மிஞ்சவில்லை. இலை வைத்துக் குட்டி எடுத்து வைக்க வேண்டும் என்று வருடம் முழுக்க நினைத்தேன், நாளைக்கு, நாளைக்கு என்று.

உன்னிடம் சொன்னால், உலகத்தில் மிச்சமிருப்பது உன் தொட்டி மட்டும்தான் என்று தெரிந்து நீ தூங்க மாட்டாய். பதின்மூன்று வயதுத் தலையில் அதை ஏற்றக் கூடாது என்று நினைத்தேன். அதனால்தான் வட்டிக்காரன் மாதிரி இலைக்கணக்கு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இலை அனுப்பு என்று ஏப்ரலில் நான்கு கடிதம் எழுதினேன், நான்கையும் கிழித்தேன். போனில் அக்காவிடம் கேட்கவும் பயம். கேட்டால், 'உன்னுது எப்படிடி இருக்கு?' என்று திருப்பிக் கேட்பாளே.

ஆக, மூன்று மாதம் அந்த வகை முழுவதும் உன் ஐந்து இலைகளில்தான் உயிர் வைத்திருந்தது. நான் உன்னுடையதை நம்பி இருந்தேன், நீ என்னுடையதை நம்பி இருந்தாய். உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டே சிரித்ததில் தலைமைத் தோட்டக்காரர் ஓடிவந்துவிட்டார்.

எத்தனை குட்டி? உண்மையாகச் சொல். எதனால் செத்தது என்பதையும் சொல். திட்ட மாட்டேன். கொதிகலனைச் சரிபார்க்காதவளுக்குத் திட்ட யோக்கியதை இல்லை.

சித்தி


ஜூன் 27

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் இப்போது நன்றாகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். நான் தூங்குகிறேன்.

மார்ச்சில் எழுதி அனுப்பாமல் அகராதிக்குள் ஒளித்துவைத்திருந்த கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எதனால் செத்தது என்பது அதில் இருக்கிறது. நீங்கள் படிக்கும்போது நான் பக்கத்தில் இல்லாதது நல்லது.

ஐந்து இலையில் இரண்டு கறுத்துவிட்டன. மூன்றில் குட்டிகள் வந்தன. மொத்தம் ஏழு. பெரியது பத்துப் பைசா அளவு.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்தபிறகு, "நல்லா இருக்குடி உங்க நியாயம். அவ மனசு நோகும்னு நீ மறைச்ச, உன் மனசு நோகும்னு அவ மறைச்சா. நடுவுல நான் ஒருத்தி, ஃபோன்ல அவ செடியப் பத்தி வாயே திறக்கலியேன்னு கும்பிட்டுட்டு இருந்தேன்" என்றாள்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பியாம்மா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதனால செடின்னு ஆரம்பிச்சாலே அடுப்புல பால் இருக்குன்னு ஃபோன வெச்சிருப்பேன்."

மழை வந்துவிட்டது. வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரமும் மாடியில் இருக்கிறது. சாப்பிடத் தட்டு இல்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு மாத்திரை டப்பா வரும். ஈரப்பஞ்சுக்குள், பெரிய குட்டியிலிருந்து பிய்த்த இரண்டு இலை. இந்த முறை நீங்கள் கேட்காமலே அனுப்புகிறேன்.

அன்புடன்,
புத்தகப் புழு


செப்டம்பர் 12

என் புழுவுக்கு,

இங்கே காற்று குளிர ஆரம்பித்துவிட்டது, உடம்பு தெம்பாக இருக்கிறது. உன் பரீட்சை நெருங்குகிறது, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

டப்பா பதினான்கு நாள் பயணம் செய்து வந்தது. ஒரு இலை கறுப்பு. இன்னொன்று பிழைத்துக்கொண்டது. ஒரே ஒரு குட்டி போட்டிருக்கிறது. அதைப் புதிய கொதிகலனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கொதிகலனின் சூட்டைக் குறிக்கும் சீட்டில் தினமும் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் டிசம்பருக்குள் இது பூக்காது. இது இன்னும் சட்டைப் பொத்தான் அளவுதான். பூத்தால் உன்னிடம்தான் பூக்க வேண்டும். பூக்காவிட்டாலும் பரவாயில்லை கண்ணு. உண்மையாகத்தான் சொல்கிறேன். பாதி உண்மையாக.

பூத்தால் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு. பூவின் தொண்டையிலுள்ள கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறார்கள். விரல் தெரியக் கூடாது.

சித்தி


டிசம்பர் 27

அன்புள்ள சித்திக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. பூத்துவிட்டது.

டிசம்பர் 6 அன்று மூத்த குட்டியின் நடுவில் குண்டூசித் தலைபோல ஒன்று தெரிந்தது. அது தினம் அரை சென்டிமீட்டர் வளர்ந்தது. 22ஆம் தேதி தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றுவிட்டது. மூன்று நாள் நானும் அம்மாவும் அந்த ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் மெதுவாக நடந்தோம். தையல் மிஷினைக்கூட அம்மா அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டாள், ஆட்டத்தில் மொட்டு விழுந்துவிடுமாம். நேற்றுக் காலை இதழ் பிரிந்திருந்தது. ஐந்து இதழ், ஓரத்தில் ஊதா, உள்ளே போகப் போக வெளுப்பு, தொண்டையில் மஞ்சள் புள்ளி, பின்னால் வால் போல ஒரு முனை.

அம்மாவின் போனில் எடுத்தால் தொண்டை மங்கலாகவே விழுந்தது. இருபது படம் வீணான பிறகு தொட்டியோடு கீழே ஓடினேன். நோயாளிகளின் பல்லைக் கிட்டத்தில் படம் எடுக்க டாக்டரிடம் ஒரு கேமரா இருக்கிறது, வளையமாக விளக்கு எரியும். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"டாக்டர், அவசரம். பூத்துடுச்சு."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "சார், நீங்க வாய மூடிக்கலாம். ஒரு எமர்ஜென்சி."

அவரும் எழுந்து வந்து அளவுகோலைப் பிடித்துக்கொண்டார். ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்ததால், "ழொம்ப அழழா இழுக்கு" என்றார். எட்டுப் படம். தொண்டைக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். யாருடைய விரலும் இல்லை. பூ 21 மில்லிமீட்டர், காம்பு 94.

படங்களை நேற்று மாலையே சங்கத்துக்கும் உங்களுக்கும் கம்ப்யூட்டரில் அனுப்பிவிட்டோம். நீங்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனில் மூக்கை உறிஞ்சியதை அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். ஆனாலும் எழுத்து தாளில்தான் நிற்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். படிவத்தில் என்னை 'வளர்த்தவர்' என்று மட்டும் போடாதீர்கள். அது முழு உண்மை இல்லை.

அன்புடன்,
புத்தகப் புழு


பிப்ரவரி 3

என் புத்தகப் புழுவுக்கு,

இங்கே மறுபடி பனி. கால், கை, இருமல் எல்லாம் சௌக்கியம். அக்காவுக்கும் உனக்கும் என் அன்பு.

பதிவாகிவிட்டது. அச்சடித்த தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உண்டாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். கண்ணாடி வீட்டின் நடுவில் நின்று நான்கு முறை சத்தமாகப் படித்தேன், தண்ணீர்க் குழாயை மூட மறந்து என் செருப்பெல்லாம் நனைந்துவிட்டது. தலைமைத் தோட்டக்காரர் தன் கையால் சீட்டு எழுதித் தந்தார், நான் குத்தினேன். பன்னிரண்டாவது வருடத்தில் என் சீட்டு.

நீ சொன்னது சரிதான். 'வரலாறு' என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: "முதல் இரண்டு செடிகளும் காப்பவர்களின் தவறால் இறந்தன. ஒன்று குளிரில், ஒன்று காய்ச்சிய தண்ணீரில். இப்போது உயிரோடுள்ள எல்லாம் இரண்டாமவர் காப்பாற்றிய இலைகளின் வழி வந்தவை." சங்கத்தார் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இவ்வளவு நேர்மையான வரலாறு தங்கள் பதிவேட்டில் இதற்குமுன் இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறார்கள்.

இனி நமக்குள் ஒரே ஒரு விதி. செடி செத்தால் அன்றைக்கே எழுத வேண்டும். நீயும், நானும்.

சித்தி


பிப்ரவரி 19

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். நான் சுகம். உங்கள் பெயருள்ள தாளை அம்மா துணி வெட்டும் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறாள். அளவு கொடுக்க வருகிற எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும்.

இன்று காலை ஜன்னலைத் துடைக்கும்போது என் முழங்கை பட்டு, மூத்த செடியின் தொட்டி கீழே விழுந்து உடைந்துவிட்டது. மூன்று இலை பிய்ந்தது. வேர் முழுசாக இருக்கிறது, செடியைத் தற்காலிகமாக டம்ளரில் வைத்திருக்கிறேன். பிழைக்கும் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது. பிய்ந்த மூன்று இலையையும் மணலில் படுக்கவைத்துவிட்டேன்.

மண்ணும் ஓடும் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. அம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்று, "கால்ல குத்தப்போகுது, மொதல்ல கூட்டுடி" என்கிறாள். உங்களுக்கு எழுதி முடித்துவிட்டுத்தான் கூட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
புத்தகப் புழு